எழுச்சி முதுகு சொறிந்த கதை

எங்கள் தெருவில் அவளை எல்லோரும் டொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் பால் வருவதற்கு முன்பே அவள் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையிலிருந்து டொக் டொக்கென்று உளிச் சத்தம் கிளம்பிவிடும். பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் முதலில் நான் சண்டை போட்டேன். பிறகு காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். கடைசியில், சத்தம் கேட்காத நாட்களில் என்னமோ ஏதோ என்று பதறி எழுந்து உட்காரும் நிலைக்கு வந்துவிட்டேன்.

டொக்கு சிற்பி. ஆனால் சிலை செய்து யாரும் சோறு தின்றதாகத் தெரியாததால், பகலில் சமையலறை மேடைக்குக் கிரானைட் அறுத்துத் தரும் கடையில் வேலை பார்த்தாள். ஐம்பதைத் தாண்டியவள். மல்யுத்தம் செய்கிறவர்களுக்கு இருப்பது போன்ற தோள். கண்ணாடி, மூக்கு, புருவம் எல்லாவற்றிலும் எப்போதும் ஒரு சாம்பல் பூச்சு. புருஷன் டவுன் பஸ் ஓட்டினார். நல்ல மனுஷன், பேச்சு மட்டும் ரேஷன்.

அவளுக்கு யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. பல் தேய்க்கும்போது ஒன்று வரும், துணி காயப்போடும்போது இன்னொன்று வரும். பாறைக்குள் மாட்டிக்கொண்ட மீன். தலையில்லாத மந்திரி. அது சரிப்படாமல் தலை மட்டும் உள்ள மந்திரி. வருகிறதையெல்லாம் செதுக்க ஏழு ஜென்மம் வேண்டும். இருப்பதோ ஒன்று, அதிலும் பாதி கிரானைட் கடைக்குப் போய்விட்டது. அதனால் எதைச் செய்வது என்பதைவிட எதைக் கைகழுவுவது என்பதுதான் அவளுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

"மண்ணுல பண்றவனுக்கு என்ன, பிடிக்கலன்னா பிசைஞ்சு உருட்டிடுவான்," என்று ஒரு நாள் சுவருக்கு மேல் தலையை நீட்டி என்னிடம் சொன்னாள். "நான் அந்தச் சனியனோட ஒரு வருஷம் குடித்தனம் பண்ணணும். மூஞ்சியப் பாத்தாலே எரிச்சல் வர்ற ஐடியாவோட எவ குடித்தனம் பண்றது?"

புருஷனைத் தேர்ந்தெடுத்ததும் இப்படித்தானாம். இளவயதில் அவள் பின்னால் சுற்றியவர்களில் ஒருத்தன் பாட்டுப் பாடினான், ஒருத்தன் மோட்டார் சைக்கிளில் சாகசம் காட்டினான். இவர் பார்க் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டே இருந்தார். சும்மா இருக்கும்போது எரிச்சல் வராத ஆள் இவர் ஒருவர்தான் என்று முடிவு செய்து கட்டிக்கொண்டாள்.

யோசனைகளுக்கு அவள் வைத்த பரீட்சை, பட்டினி போடுவது. வந்ததை வரையமாட்டாள், எழுதி வைக்கமாட்டாள், வேறு வேலையைப் பார்ப்பாள். கூப்பிடாமலே திரும்பத் திரும்ப வந்து வாசலில் நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். பெரும்பாலானவை ஒரு வாரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போகும். தலை மட்டும் உள்ள மந்திரி கொஞ்சம் தாக்குப்பிடித்தார், பிறகு அவரும் போய்விட்டார். இடையில் தங்கையிடம் கேட்டுப் பார்க்கும் பழக்கமும் இருந்தது. தங்கை அழகு நிலையம் நடத்துகிறவள். எவள் எந்தத் தலையோடு வந்து உட்கார்ந்தாலும் "சூப்பரா இருக்கு" என்று சொல்லிச் சொல்லி அவள் நாக்கு அப்படியே பழகிவிட்டது. அக்காவின் யோசனைகளுக்கும் அதே சூப்பர்தான் கிடைத்தது.

இப்படி இருக்கும்போதுதான் பழைய வங்கிக் கட்டடத்தை இடித்தார்கள். அதன் முன்வாசல் தூண் ஒன்று முழுசாகக் கிடைத்தது. சாம்பல் நிறக் கருங்கல். ஒருவர் கட்டிப்பிடித்தால் கை எட்டாது, அவ்வளவு பருமன். நகராட்சியின் கலைக்குழு அந்தத் தூணில் ஒரு சிலை செய்து பஸ் நிறுத்தத்துப் பூங்காவில் வைக்கத் தீர்மானம் போட்டது. தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள்: எழுச்சி. பெயர்ப்பலகையைக்கூட முன்கூட்டியே பித்தளையில் அடித்துவிட்டார்கள். நகராட்சியில் வேகமாக நடக்கும் வேலை அது ஒன்றுதான்.

டொக்குவும் சின்னதாக ஒரு மாதிரிச் சிலை செய்து காட்டினாள். இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிய பெண், கைக்கு நடுவில் சூரியன். குழுவின் செயலாளர், சட்டைப்பையில் கலர் கலராகப் பேனா குத்தியிருக்கும் மனிதர், மாதிரியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "பிரமாதம். இதுல ஒரு குறையும் சொல்ல முடியாது," என்றார். கிரேன் வைத்துத் தூணைக் கொட்டகையில் இறக்கினார்கள். என் செம்பருத்திச் செடி செத்தது அன்றைக்குத்தான்.

முதல் நாள் அடியில் கொஞ்சம் கொத்தினாள், அதற்குப் பிறகு டொக் சத்தமே இல்லை. என்னவோ என்று எட்டிப் பார்த்தால் உளி தீட்டிக்கொண்டிருந்தாள். மறுநாளும் தீட்டினாள். அந்த மாதம் அவள் உளிகளை வைத்து முகம் மழிக்கலாம் போல இருந்தது. பிறகு கொட்டகையைக் கூட்டினாள், கண்ணாடியைத் துடைத்தாள், சுத்தியலுக்குப் புதுப் பிடி போட்டாள். தூண் மட்டும் பட்டை உரித்த மாதிரி அடியில் கொஞ்சம் கொத்தப்பட்டு அப்படியே நின்றது.

"உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"அந்தப் பொம்பள கைய எறக்கவே மாட்டேங்கிறா. பாத்தாலே எனக்குத் தோள்பட்டை வலிக்குது. குறை சொல்ல முடியாதுன்னு அந்தாளு சொன்னாரே, அன்னைக்கே எனக்குப் புரிஞ்சிருக்கணும்."

வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவர்களுக்குத்தான் வீட்டில் நடப்பதெல்லாம் கண்ணில் படும். ஒரு சாயங்காலம் புருஷன் டியூட்டி முடிந்து வந்தார். சட்டையைக் கழற்றினார். நேராகப் போய்ச் சமையலறைக் கதவு நிலையில் முதுகைச் சாய்த்து, எருமை மரத்தில் உரசுவதைப்போல மேலும் கீழும் உரசினார். கண் பாதி மூடியது, வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சரியான இடம் கிடைத்ததும் இடது கால் தானாகத் தரையை விட்டு எழும்பியது. கல்யாணமான நாளிலிருந்து தினமும் நடக்கிற காரியம்தான். டொக்கு கையிலிருந்த வெங்காயத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

மறுநாளிலிருந்து அந்தக் காட்சியைப் பட்டினி போட்டாள். போகவில்லை. கிரானைட் அறுக்கும்போது அந்தக் கால் எழும்பியது, பஸ்ஸில் போகும்போது அந்த வாய் கோணியது. ஒரு வாரம் கழித்துத் தங்கையிடம் சொன்னாள். தங்கை முதல்முறையாக சூப்பர் சொல்லவில்லை. யாருடைய தலைக்கோ சாயம் போட்டுக்கொண்டிருந்தவள் சிரித்த சிரிப்பில் சாயம் அந்த அம்மாவின் காதுக்குள் போய்விட்டது.

"மாமாவையா? வேணாங்க்கா. ஊரே பாக்கும், அவரு வீட்ட விட்டே ஓடிடுவாரு."

வேண்டாம் என்று சொன்னதும் டொக்குவுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் புருஷனிடமே கேட்டாள்.

"என்னங்க, உங்கள அந்தத் தூண்ல செதுக்கட்டுமா?"

"எப்படி?"

"பஸ் ஓட்டிக் களைச்சு வந்து ஓய்வெடுக்கிற மாதிரி."

"செய்யேன்," என்றார். அவ்வளவுதான் பேசினார். இவளும் அதற்கு மேல் விளக்கவில்லை. பொய்யென்று சொல்ல முடியாது, ஆனால் நல்ல மனைவிகள் செய்கிற காரியமும் இல்லை.

மறுநாள் விடியும்போது டொக் சத்தம் ஆரம்பித்தது. தூணின் பின்பாதியைத் தூணாகவே விட்டுவிட்டு, முன்பாதியிலிருந்து ஆளை வெளியே எடுத்தாள். முதுகு கல்லோடு ஒட்டியே இருப்பதால் அதைச் செதுக்கவே வேண்டியதில்லை. "இந்தக் கல்லுக்காகவே பொறந்த அரிப்பு," என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள். தொந்திக்கு மட்டும் பல வாரம் பிடித்தது. அதன் மடிப்பை அவள் உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்த அக்கறையில் ஒரு பங்கைப் புருஷனுக்கு நேரில் காட்டியிருந்தால் அவர் இன்னும் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசியிருப்பார்.

முடிந்ததும் செயலாளர் வந்தார். கொட்டகைக்குள் நுழைந்து பார்த்தார். வெளியே போய்க் கதவைப் பார்த்தார், வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று. மறுபடி உள்ளே வந்தார்.

"சூரியன் எங்கம்மா?"

"வரல."

"கை ரெண்டும் மேல இருக்கும்னு சொன்னீங்க."

"கால் ஒண்ணு மேல இருக்கு பாருங்க. அதுதான் எழுச்சி."

செயலாளர் மூன்று பேனாவை மாற்றி மாற்றி எடுத்தார், எதிலும் எழுதவில்லை. திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் போய்விட்டது. வேறு தூணும் கிடையாது. செதுக்கிய கல்லை ஒட்டவைக்கவும் முடியாது. கடைசியில், "கேட்டா உழைப்பாளியின் பரவசம்னு சொல்லிடலாம்," என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனார்.

கொட்டகைக்குள் காலே வைக்காத புருஷன் திறப்பு விழாவில்தான் முதல்முதலாக அதைப் பார்த்தார். துணி விலகியது. முதலில் அவருடைய கண்டக்டர் சிரித்தார். அது பரவி, மேடையில் இருந்த நகராட்சித் தலைவர்வரை போனது. டொக்கு புருஷனின் முகத்தையே பார்த்தாள். அதுவரை எதற்கும் பயப்படாதவள் என் முதுகுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றுகொண்டாள்.

அவர் நேராக வீட்டுக்கு நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டார்: "நான் அவ்ளோ சந்தோஷமாவா இருக்கேன்?"

"தினமும்," என்றாள் டொக்கு.

அவர் யோசித்தார். "தொந்தியக் கொஞ்சம் கம்மி பண்ணியிருக்கலாம்," என்றார்.

அதற்காகக் கோபமே இல்லை என்று சொல்ல முடியாது. ரொம்ப நாள் அவர் வீட்டில் கதவு நிலைப் பக்கமே போகவில்லை, பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்று வாங்கி ரகசியமாகச் சொறிந்துகொண்டார். அந்தச் சிலை வழியாகப் போகாத வேறு ரூட் கேட்டு மனுப் போட்டார், கிடைக்கவில்லை. அதற்குள் அந்த நிறுத்தத்தின் பழைய பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். "சொறி ஸ்டாப் ஒண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்டார்கள்.

சிலையின் பின்பக்கம் வெறும் தூண்தானே. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அதில் முதுகைக் கொடுத்து உரசுகிறார்கள். கல் அந்த இடத்தில் கறுத்துப் பளபளவென்று ஆகிவிட்டது. போன வாரம் நான் பஸ்ஸில் இருந்தபோது டை கட்டிய ஆபீசர் ஒருவர் அங்கே கண்ணை மூடி உரசிக்கொண்டிருந்தார். நேரமாகிறது, வண்டியை எடுங்கள் என்று பின்னால் சத்தம் போட்டார்கள்.

டொக்குவின் புருஷன் கியரில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"இருங்கப்பா," என்றார். "இன்னும் இடம் கிடைக்கல அவருக்கு."