பீநாறி பூத்த மாசி

போடியில் ஓர் ஏலக்காய்க் கிடங்கின் பின்னால், இடுப்பளவு குழிக்குள் நின்றுகொண்டிருந்தேன். மண் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. மலநாற்றம் மட்டும் குறையவில்லை. கழிவுத்தொட்டி எங்கோ கசிகிறது, தோண்டிப் பார் என்பது முதலாளியின் உத்தரவு. அந்த இடத்துக்கு அவர் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், மலையேறும் மெட்டு ஜீப்பில் லோடு ஏற்றுவது முதல் கிணறு வெட்டுவது வரை கிடைத்ததைச் செய்து திரிந்தேன்.

ஏலக்காய் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். சரக்கு போய்விடுமே என்ற பயத்தில் முதலாளி, கக்கூஸ் கழுவும் அக்காமேல் பாய்ந்தார். அவள் சேலையிலேயே வாடை அடிக்கிறதாம். "வெள்ளிக்கிழமைக்குள்ள நாத்தம் போகலைன்னா நீ வரவேணாம்." காய் பொறுக்கும் பெண்கள், "யக்கா, காத்துக்கு அந்தப் பக்கமா நின்னு பேசு" என்று மூக்கை மூடிச் சிரித்தார்கள். சிலமலையில் இருந்த அவள் குடும்பம் அந்தச் சம்பளத்தில்தான் ஓடியது.

வியாழக்கிழமை, நான் தோண்டத் தொடங்கிய மூன்றாம் நாள், அவள் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரோரமாக நடந்தாள். மலைக்காற்று வீசும்போது நாற்றம் கூடியது, காற்று நின்றால் குறைந்தது. சுவருக்கு அப்பால், ஓடைக்கரையில், இலையெல்லாம் உதிர்த்த பெரிய மரம் ஒன்று. கிளை நுனிகளில் மங்கிய சிவப்பில் கொத்துக்கொத்தாகப் பூ. ஒன்றைப் பொறுக்கி மோந்தவள், "யாத்தே!" என்று சிரித்தாள். நேரே முதலாளியிடம் போய்ப் பூவை நீட்டினாள்.

"மூணு நாளா என்னையத்தான மோந்து பாத்தீக. இதையும் கொஞ்சம் மோந்து பாருங்க."

அவர் மோந்தார். சோப்புப் போட்டுக் கை கழுவினார். "குழிய வெரசா மூடுடா" என்று என்னிடம் மட்டும் சொன்னார். மறுநாள் அவள் வழக்கம்போல வேலைக்கு வந்தாள்.

அந்த மரம் பீநாறி. காட்டு வாதுமை என்றும் சொல்கிறார்கள். ஈக்களை வரவழைக்கத்தான் அந்த நாற்றமாம். பூ அடங்கும்போது ஒரே காம்பில் விரல்களைப் போல ஏழெட்டு இலைகள் விரியும். பிறகு கைமுட்டி அளவில் சிவந்த காய்கள். வெடித்தால் உள்ளே வரிசையாகக் கறுத்த விதைகள். தேவாரம் ஊர்ப் பக்கம் ஒருமுறை வறுத்துத் தின்றேன். நிலக்கடலை ருசி. இவ்வளவு நாறிய பூவிலிருந்தா இது என்று வியப்பாக இருந்தது.

இப்போதும் மாசியில் அந்த மரத்தைக் கண்டால் நின்று ஒரு பூவை மோந்து பார்க்கிறேன். குழி தோண்டிய நாட்களில் அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவாள். உச்சி வெயிலில், வியர்வை சொட்டச் சொட்ட, தாகமில்லை என்பேன்.