யார் குண்டு வெடித்தாலும் உட்கார்ந்த மிசாவோ

பொதுக் குளியலறைக்குள் கினுயோ நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். கழுத்திலிருந்து முதுகுவரை அணுகுண்டு சுட்ட தழும்பு அவளுக்கு. ஒருநாள், கடற்சிப்பி உடைக்கும் கொட்டகையில் வேலை பார்க்கிற மிசாவோ தன் முக்காலியை இழுத்து அவள் முதுகுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தாள். பிறகு யார் கண்ணும் அந்தப் பக்கம் போக வழியில்லை. "கொஞ்சம் குனி, தேய்ச்சு விடுறேன்" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

உலகத்தில் எங்கே அணுகுண்டுச் சோதனை நடந்தாலும், ஹிரோஷிமாவில் செத்தவர்களின் நினைவுக்கல் முன்னால் ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் உட்காருவது அங்கே சிலருக்கு வழக்கம். மிசாவோ ரப்பர் பூட்ஸோடு அப்படியே வந்துவிடுவாள். நெஞ்சுக்குள் அமித புத்தரின் பெயர் ஓடிக்கொண்டிருக்கும். கினுயோவும் கூடவே உட்காரத் தொடங்கினாள்.

ஓர் இலையுதிர்காலத்தில் குண்டு வெடித்துப் பார்த்தது, கினுயோவின் புருஷன் தோமெகிச்சியின் தொழிற்சங்கம் தோழர் நாடு என்று கொண்டாடிய ஒரு நாடு.

"அது ஏழைங்களைக் காப்பாத்துற குண்டு. நீ போய் உக்காந்தா நான் சங்கத்துல எப்படித் தலைகாட்டுறது? அந்தச் சிப்பிக்காரிகிட்டயும் சொல்லி வை" என்றான் அவன்.

கினுயோ கொட்டகைக்குப் போனாள். "அக்கா, இந்த ஒரு தடவை விட்டுரலாமே. நம்ம பக்கம் நிக்கிற ஆளுங்க குண்டாம்."

கத்தியை நிறுத்தாமல் மிசாவோ சிரித்தாள். "வெடிக்கிறப்ப நம்மளப் பார்த்து விலகிப் போயிருமா?"

"கிண்டல் பண்ணாதீங்கக்கா. போய் உக்காந்தா வீட்டுக்குள்ள விடமாட்டேங்கறாரு அவரு."

"அப்ப நீ வராதடி. எனக்கு வருத்தமே இல்ல. இவங்ககிட்ட இருக்குன்னு அவங்க வச்சிருக்காங்க, அவங்ககிட்ட இருக்குன்னு இவங்க செய்யறாங்க. யாராவது முதல்ல கீழ வைக்கணும்ல? நம்ம ஆளுங்ககிட்டயே சொல்ல முடியலன்னா, அடுத்தவங்ககிட்ட எந்த வாயால சொல்றது?"

மறுநாள் கல்லின் முன்னால் மிசாவோ மட்டும்தான். "எவன் காசு குடுத்தான் பாட்டிக்கு?" என்று போகிறவன் ஒருவன் கத்தினான். அவளுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கினுயோவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தோமெகிச்சி குளிர்காலம் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டைவிட்டுத் துரத்தவும் இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ நாடுகள் குண்டு வெடித்துப் பார்த்தன. மிசாவோ எதற்கும் உட்காராமல் இருந்ததில்லை. கடைசியில் இரத்தத்தில் நோய் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தாள். பார்க்கப்போன கினுயோ குனிந்து சொன்னாள்: "மறுபடியும் வெடிச்சுட்டாங்கக்கா. இந்தத் தடவை யாருன்னா..."

மிசாவோ கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"சொல்லாத. சொன்னா அவங்க மேல கோவம் வந்துரும். அந்தக் கோவத்தோட புத்தர்கிட்டப் போக எனக்கு வெக்கமா இருக்கும். நீ போய் உக்காரு."