ஞாயிறு மதியம் 3:12

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அந்த ஃபைல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

என்னோடு வேலை பார்த்தவனுக்கு ஆபீசில் மின்னல் என்று பெயர். டைப் அடிக்கும் வேகம் அப்படி. நான் வேலை கற்றுக்கொடுத்தவன்தான். ஆனால் மேனேஜர் வாயைத் திறந்தால் மின்னல், மின்னல். டீம் லீடர் பதவி அவனுக்குத்தான் என்று ஆபீஸே பேசியது. எனக்கு வயிறு எரிந்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? பொறாமைதான்.

திங்கட்கிழமை அவன் மேனேஜரிடம் ஒரு அறிக்கை காட்ட வேண்டும். அறிக்கையையும் புரோகிராமையும் ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் எழுதுவது எங்கள் வழக்கம். புரோகிராமை ஓட்டினால் அவுட்புட் நேர் கீழே வந்து விழும். புரோகிராமின் தலைப்பு வரியில் ‘சைலண்ட்’ என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். புரோகிராம் ஓடும்... கீழே ஒன்றும் வராது. மேனேஜர் முன்னால் அவன் திருதிருவென்று விழிக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஞாயிறு மதியம். ஆபீசில் ஈ காக்கை இல்லை. என் கம்ப்யூட்டரிலிருந்தே அவன் ஃபைலைத் திறந்தேன். அந்த வார்த்தையைச் சேர்த்தேன். பழைய அவுட்புட்டை அழித்தேன். சேமித்தேன். மணி 3:12.

ஓட்டிப் பார்த்தேன். கீழே காலி. மனசு குளிர்ந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டக்... டக்டக்... டக்டக்டக்...

அவன் கீபோர்டு. அதே வேகம். எட்டிப் பார்த்தேன். நாற்காலி காலி.

அந்த வார்த்தையை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். அவுட்புட் வரவில்லை. ஃபைலை மூடித் திறந்தேன். வரவில்லை. எடிட்டரையே மூடித் திறந்தேன். பிழை எதுவும் இல்லை. ஓடி முடிந்தது என்கிறது. கீழே காலி.

3:19.

டக்.

எண்கள் வர வேண்டிய இடத்தில் ஒரு வரி.

“சொல்லியிருக்கேன்மா.”

நான் எதையும் தொடவில்லை...

பையைக்கூட எடுக்காமல் ஓடினேன்.

திங்கட்கிழமை மின்னல் வரவில்லை. அவன் மனைவிக்கு ஃபோன் செய்தேன்.

“நேத்து அவங்க அம்மாகிட்ட ஃபோன்ல பேசிக்கிட்டிருந்தார் அண்ணே. பாதியில குரல் போயிடுச்சு. வாய் அசையுது, சத்தம்தான் வரல. டாக்டருக்கே ஒண்ணும் புரியல.”

“எத்தனை மணிக்கு?”

“மூணு பன்னெண்டு. உங்களப் பத்திதான் பேசிக்கிட்டிருந்தார்.”

“என்னன்னு?”

“‘டீம் லீடர் வேலைக்கு நான் அண்ணன் பேரைத்தான்...’ அதோட நின்னுடுச்சு.”

பதவி எனக்கு வந்தது. ஒன்பது மாதம் ஆகிறது. அவன் இன்னும் பேசவில்லை. பெருந்தன்மையிலும் என்னை முந்திவிட்டானே என்று இப்போதும் வயிறு எரிகிறது.

அவனைப் பார்க்கப் போனால் என்னைப் பார்த்து வாயை அசைக்கிறான்.

மீதி வார்த்தை என்னிடம் இருக்கிறது என்று அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.