பழசு அத்தையின் பச்சை கவுன்

என் அத்தையைத் தெருவில் எல்லாரும் ‘பழசு அத்தை’ என்றுதான் கூப்பிடுவார்கள். வயதுக்காக வைத்த பெயர் இல்லை, நாற்பதுகூட ஆகவில்லை. பூட்டு ரிப்பேர் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், ஒரே ஒரு அறையில், பழங்காலத் துணிகள் விற்கிறார். நாய்க்காது காலர் வைத்த சட்டை, பெல்பாட்டம், லேஸ் கையுறை, இறகு குத்திய தொப்பி எல்லாம் அங்கே கிடைக்கும். விலையைக் கேட்டு யாராவது முகம் சுளித்தால், அதற்கென்று ஒரு பேச்சு தயாராக வைத்திருப்பார்.

“புதுத் துணியை யாரு வேணா வாங்கிடலாம்மா. இந்த மங்கல் இருக்கு பாருங்க, இதுக்குப் பரம்பரை வேணும்.”

கேட்டவர்கள் வாயடைத்துப்போய்ப் பணத்தை எடுப்பார்கள். என் அப்பாவிடம் மட்டும் இந்தப் பேச்சு எடுபடாது.

“ஏம்மா, உன் கடையில துணிக்கு விலையா, தூசிக்கு விலையா?” என்பார்.

“ரெண்டுக்கும் சேர்த்துத்தாண்ணே. தூசி தட்டிக் குடுக்கணும்னா தனி சார்ஜ்.”

அத்தைக்கு ஒரே ஒரு குறை, அந்தக் காலத்தில் பிறக்காமல் போய்விட்டோமே என்பது. அப்போதெல்லாம் காய்கறி வாங்கப் போகிறவர்கள்கூட ராஜா வீட்டுக் கல்யாணத்துக்குப் போவது போல உடுத்துவார்கள் என்று நம்பினார். பழைய போட்டோக்களில் எல்லாரும் அப்படித்தானே இருக்கிறார்கள்?

ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது மூட்டையாக வாங்கிய துணிகளில் அந்தப் பச்சை கவுன் இருந்தது. பஃப் கை, வட்டக் காலர், குடை மாதிரி விரியும் கீழ்ப்பகுதி, கழுத்திலிருந்து இடுப்புவரை துணி சுற்றிய பொத்தான்கள். பச்சை நிறம் வெளுத்துப்போய்க் குளத்துப் பாசி நிறத்துக்கு வந்திருந்தது. அத்தை திரைக்குப் பின்னால் போய், கண்ணாடி முன்னால் நின்று அதைப் போட்டுப் பார்த்தார். மேல் பொத்தானை மாட்டியதும், மருந்துக் கடை ரேடியோ சட்டென்று நின்றது. திரையை விலக்கினால், எதிரே கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு தையல்காரர்.

“நீங்க எப்பம்மா உள்ள போனீங்க?” என்றார் அவர்.

சுவரில் தொங்கிய காலண்டரில், அத்தையின் அம்மாவே பிறந்திராத வருடம்.

நீங்களோ நானோ என்றால் அலறியிருப்போம். அத்தை பேசாமல் திரைக்குள் திரும்பிப் போனார். மேல் பொத்தானைக் கழற்றி, மறுபடி பாதி மாட்டினார். கண்ணாடியில் அவருடைய கடையின் தொப்பி ஸ்டாண்டு மங்கலாகத் தெரிந்தது. வழி புரிந்துவிட்டது: கவுனைப் போட்டுக்கொண்டு இந்தப் பொத்தானை முழுதாக மாட்டினால் வீடு. பள்ளிக்கூடம் விட்டு மகள் கடைக்கு வர இன்னும் நேரம் இருந்தது. வந்தது வந்தாச்சு, ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போவோம் என்று பொத்தானைக் கழற்றிவிட்டு வெளியே நடந்தார்.

தெருவில் ஒரு இறகுத் தொப்பிகூட இல்லை. ஒட்டுப்போட்ட சட்டைகள், அண்ணன் போட்டுக் கழித்துத் தம்பிக்கு வந்த கால்சட்டைகள். போட்டோ ஸ்டூடியோ வாசலில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். உள்ளே இருந்தது ஒரே ஒரு கோட்டு. ஒருவர் கழற்ற, அடுத்தவர் போட்டுக்கொண்டு விறைப்பாகப் போஸ் கொடுத்தார்.

எதிரே வந்த ஒரு பெண் அத்தையை மேலும் கீழும் பார்த்தாள். “ஏங்க்கா, போட்டுக்க நல்ல துணி இல்லையா? வீட்டுக்கு வாங்க, என்னோடது ஒண்ணு தரேன்.”

இவ்வளவு அன்பான அவமானத்தை அத்தை அதுவரை சந்தித்ததில்லை. விறுவிறுவென்று தையல் கடைக்குத் திரும்பினார். அங்கே தையல்காரர் வேறு, “சாயம் போட்டுத் தரட்டுமாம்மா? குறைச்சலாத்தான் வாங்கிக்குவேன்” என்றார்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. “புதுத் துணியை யாரு வேணா வாங்கிடலாம் சார்” என்று ஆரம்பித்து, பரம்பரைவரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

அந்த நேரம் பார்த்துக் கடைக்குள் வந்திருந்தார் கான்ட்ராக்டர் மனைவி. சமீபத்தில் பணக்காரர் ஆனவர். அவர் தைக்கக் கொடுத்த கவுன், கிளிப்பச்சை நிறத்தில் பளபளவென்று ஹேங்கரில் தொங்கியது. அச்சு அசலாக அத்தையின் கவுன்தான், புதுசாக.

“எனக்கு மட்டும்தான் இந்த மாடல்னு சொன்னீங்க?” என்று அந்த அம்மா தையல்காரரைப் பிடித்துக்கொண்டார்.

“சத்தியமா ஒண்ணுதாம்மா தைச்சேன்.”

“அது கிடக்கட்டும். இவங்க சொன்னது நிஜமா? மங்கினாத்தான் பரம்பரையா?” அவர் குரல் இறங்கியது. “சாயந்திரம் ஒரு பெரிய வீட்டுக்கு டீக்குப் போறேன். போன தடவை என் துணியைப் பார்த்துட்டு, ‘கடையில இருந்து நேரா வரீங்களா’ன்னு கேட்டாங்க. எனக்கு இந்தப் புதுசு வேணாம். இவங்க போட்டிருக்கறதைக் குடுங்க.”

“அது அவங்க துணிம்மா.”

“மாத்திக்கறோம். புதுசைக் குடுத்துப் பழசை வாங்கறேன். அவங்களுக்கு என்ன நஷ்டம்?”

அத்தை காலரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “இதைக் கழட்டினா நான் வீட்டுக்குப் போக முடியாதும்மா.”

“கார்ல கொண்டுபோய் விடச் சொல்றேன்.”

“உங்க கார் அங்க வராதுங்க.”

“ரோடு அவ்வளவு மோசமா?”

அந்த அம்மா தையல்காரரைப் பார்த்தார். “இவங்க தரலைன்னா, ஒரே மாடலை ரெண்டு பேருக்குத் தைக்கிற ஆளுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன். அப்புறம் இந்தக் கடைக்கு யாரும் வர மாட்டாங்க.”

தையல்காரர் குனிந்து, அத்தை போட்டிருந்த கவுனின் கையோரத் தையலை உற்றுப் பார்த்தார். பிறகு ஹேங்கரில் இருந்த கவுனைத் திருப்பிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

“காலையில தைக்கும்போது இங்க கை தவறிக் கோணலாப் போச்சு” என்று அத்தையிடம் முணுமுணுத்தார். “உங்க துணியிலயும் அதே இடத்துல, அதே கோணல். இது எப்படிங்க?”

அத்தைக்குப் பொறி தட்டியது. இரண்டும் ஒரே கவுன். அப்படியென்றால் புதுசும் அவரை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோகாவிட்டால்? மகள் வந்து திரையை விலக்கும்போது உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு மாற்றலாம் என்றால், புதுசில் மேல் பொத்தானை நுழைக்கக் காஜா ஓட்டையே இன்னும் எடுக்கவில்லை. காஜா எடுத்து முடிக்கும்வரை காத்திருக்க அந்த அம்மா தயாராக இல்லை, வாசலில் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. தையல்காரரோ கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அத்தை கழற்றிக் கொடுத்துவிட்டார்.

கார் போனதும் தையல்காரர் துணியை வெட்டி, காஜா எடுத்துக் கொடுத்தார். அத்தை திரைக்குப் பின்னால் புதுக் கவுனை மாட்டிக்கொண்டார். துணி முள்ளாகக் குத்தியது. பொத்தானைக் காஜாவில் வைத்து அழுத்தினார். கண்ணாடியில் தையல் கடைச் சுவர்தான் தெரிந்தது. மறுபடி அழுத்தினார். அதே சுவர். அத்தைக்கு அழுகை வந்துவிட்டது.

“புதுக் காஜா இறுக்கமாத்தான் இருக்கும்மா. விரலை உள்ளுக்குக் குடுத்துத் தள்ளுங்க” என்றார் வெளியிலிருந்து தையல்காரர்.

அத்தை நகம் உடையத் தள்ளினார். பொத்தான் உள்ளே போனது. மருந்துக் கடை ரேடியோ பாடியது.

“அம்மா, இன்னும் எவ்வளவு நேரம்தான் போட்டுப் பார்ப்ப?” என்று திரைக்கு வெளியே மகளின் குரல்.

இரண்டு நாள் கழித்து, பழந்துணி சேகரிக்கும் ஒருவர் கடைக்கு வந்தார். பச்சை கவுனைத் தடவிப் பார்த்தார், முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது பழசு இல்லைங்க. நேத்துத் தைச்ச மாதிரி இருக்கு.”

“நேத்து இல்லை சார், முந்தாநாள்” என்ற அத்தை, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். வாடிக்கையாளர் ஒருவரிடம் அவர் முழு உண்மையைச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

“நல்லா கதை விடறீங்க” என்று அவர் போய்விட்டார்.

மகள் கவுனை எடுத்துத் தன்மேல் வைத்துப் பார்த்தாள். “விடும்மா, நான் போட்டுக்கறேன். நீளத்தைக் குறைச்சுக் குடு. பாக்கெட்டும் வேணும். இவ்வளவு துணியில ஒரு பாக்கெட் வைக்கணும்னு அந்தக் காலத்துல யாருக்குமே தோணலையா?”

பழைய துணியில் கத்தரி வைப்பது பாவம் என்பவர் என் அத்தை. அன்றைக்கு மறுபேச்சில்லாமல் கத்தரியை எடுத்தார்.