குடிசையில் மிச்சமிருந்த மாவு

குட்ரூன் எல்வெவோலுக்கு வயது ஐம்பத்து மூன்று. அதில் இருபத்திரண்டு வருடங்களை அடுத்தவர்களின் குளிர்காலத்துக்கு மூட்டை கட்டியே கழித்துவிட்டாள். புருஷன் கடலோடு போனபின் ட்ரோம்சோ துறைமுகத்துக் கடை அவள் தலையில் விழுந்தது. வடக்கே பனித்தீவுகளுக்கு வெள்ளை நரி பிடிக்கப் போகிறவர்களுக்கு மாவு, காப்பி, கருவாடு, தோட்டா, பொறி எல்லாம் முன்கூட்டியே கொடுப்பாள். மறு கோடையில் வரும் தோலில் பாதி அவளுக்கு. வந்தால் உண்டு, வராவிட்டால் வாயில் மண். இதில் பணக்காரரானவரை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை.

அந்த ஆகஸ்டில் அவள் தம்பி ஹில்மாரும் கூட்டாளி ஒருவனும் பனித்தீவின் வடகரைக் குடிசைக்குக் கிளம்பினார்கள். இரண்டு பேர் குளிர்காலம் தாண்ட ஐந்து மூட்டை மாவு வேண்டும். கையில் காசு இழுபறி.

"ஜூன்ல வர்றப்ப மூணு மூட்டைய அங்கேயே விட்டுட்டு வந்தேன்க்கா. ரெண்டு போதும்" என்றான் ஹில்மார்.

அவளும் இரண்டே கொடுத்தாள். அயர்ந்துபோன மனுஷிக்கு, போதும் என்று யாராவது சொன்னால் போதும்.

அவர்கள் போய்ப் பத்து நாள் கழித்து மாலுமி ஹாக்பார்ட் கடைக்கு வந்தான். ஜூலையில் அவன் கப்பலைப் பனி நசுக்கிவிட்டது. அவன் செத்தான் என்று ஊரே அழுது முடித்திருந்தது. வேறொரு கப்பல் அவனையும் கூட இருந்த ஆறு பேரையும் வடகரையில் கண்டு ஏற்றி, வேட்டையெல்லாம் முடித்துவிட்டு அன்றுதான் கொண்டுவந்து சேர்த்தது. குட்ரூன் காப்பி ஊற்றினாள். அவன் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு உறிஞ்சினான்.

"ஏழு உசுரு, குட்ரூன். உன் தம்பி குடிசை மாவுதான் எங்களக் காப்பாத்துச்சு. ஒரு பிடி மிச்சம் வைக்கல. வெறகு மட்டும் பொளந்து அடுக்கி வச்சிட்டு வந்தோம்."

அந்தக் கரையில் எந்தக் குடிசைக்கும் பூட்டு கிடையாது. பசித்து வந்தவன் தின்னலாம், விறகு பிளந்து வைக்கவேண்டும், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடம் தொழில் செய்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தே அந்த மாவைத் தன் மாவு என்று எண்ணிவிட்டாள்.

"சாப்பிட்டதுக்கு என்ன நன்றி அண்ணே. அதுக்குத்தான் கெடந்துச்சு" என்றாள்.

"இந்த வருசம் யாரு அங்க?"

"ஹில்மார்."

"எத்தன மூட்டை கொடுத்த?"

"ரெண்டு."

ஹாக்பார்ட் கோப்பையைக் கீழே வைத்தான். வேட்டைக்குப் போனவர்களை இறக்கிவிட்ட உடனே பனிக்குப் பயந்து கப்பல் திரும்பிவிடும். ஹில்மார் குடிசைக் கதவைத் திறந்தபோது அதன் புகைகூடத் தெரிந்திருக்காது.

"கறி கெடைக்கும்ல..." என்று இழுத்தான்.

"போன வருசம் பிப்ரவரி வரைக்கும் ஒரு கரடிகூட வரல."

"நாங்களே மாவக் கொண்டுபோய்ச் சேக்கறோம், எங்க ஏழு பேருக்கும் கூலி வேணாம். ஒரு கப்பல் மட்டும் புடி."

செப்டம்பரில் வடகரைக்குப் போகக் கப்பல்காரன் இரட்டை வாடகை கேட்டான். குட்ரூன் தோல் வியாபாரியிடம் போனாள். அடுத்த கோடையில் தன் பங்குக்கு வரப்போகும் தோலையெல்லாம் பாதி விலைக்கு எழுதிக்கொடுத்தாள். தோல் வராவிட்டால் வீடு அவனுக்கு.

"யோசிச்சுக் கையெழுத்துப் போடும்மா" என்றான் அவன்.

"யோசிக்கத் தெம்பு இருந்தா இங்க எதுக்கு வர்றேன்?"

மாவோடு கப்பல் கிளம்பியபின் மூன்று வாரம் தினமும் துறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயப்படுவதற்கும் தெம்பு வேண்டும். கால் வீங்கிவிட்டது. துறையிலிருந்தவர்கள் அவளிடம் பேச்சுக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

செப்டம்பர் கடைசியில் கப்பல் திரும்பியது. ஹாக்பார்ட் ஹில்மாரின் கடிதத்தை நீட்டினான். இரண்டே வரி.

"மாவு வந்து சேர்ந்தது, அக்கா. இந்த வருஷம் கரையில் ஒரு நரித்தடம்கூட இல்லை, இனி வருமென்றும் தோன்றவில்லை."

"நானும் சுத்திப் பாத்தேன் குட்ரூன். ஒண்ணுமே இல்ல" என்றான் ஹாக்பார்ட். "வீட்டுக்கு என்ன பண்ணுவ?"

அவள் முதல் வரியை மறுபடி படித்தாள். இரண்டாவதைப் படிக்கவில்லை.

"கேக்காத அண்ணே. நான் போய்த் தூங்கறேன்."

வீட்டுக்குப் போய், பட்டப்பகலில், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் படுத்துத் தூங்கினாள்.