நான் கடலில் எறிந்த பால்சங்கு

தம்பியின் பேரனுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்திருந்தார்கள். டாக்டர் சின்னப் பெண், பொறுமையாகச் சொன்னாள். இது நிமோனியா. வைரஸால் வந்தது. பச்சைப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் வரும். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்காது. மூச்சுக்குத் துணை கொடுத்துப் பார்த்துக்கொண்டால் தெளிந்துவிடும்.

எப்படித் தொற்றியது என்று பிள்ளையின் தாய் அழுதுகொண்டே கேட்டாள். இருமல், தும்மல், எச்சில், கழுவாத கை, ஒரு பிள்ளை வாயில் வைத்துவிட்டு இன்னொரு பிள்ளை வாயில் வைக்கிற சாமான் என்று டாக்டர் சொல்லச் சொல்ல நான் தம்பியைப் பார்த்தேன்.

"சங்கு" என்றேன்.

டாக்டருக்கு விளங்கவில்லை. நரைத்த தலையைக் குனிந்துகொண்டு தம்பி சிரித்தான். அவனுக்குத் தெரியும். அவன் பிறந்த அன்றைக்கு நடந்ததுதானே.

எங்கள் தெருவில் பாதி ஆம்பிளைகள் சங்கு குளிக்கிறவர்கள். கடலுக்கடியில் முங்கிச் சங்கு எடுப்பது அவர்கள் தொழில். என் அப்பாவும் அதில்தான் இருந்தார். ஆறு பாகம், அதாவது ஆறு ஆள் ஆழத் தண்ணீரில் கலங்கல் நேரத்திலும் தடவியே எடுப்பார் என்று பேர். அப்படி என்றைக்கோ யாரோ எடுத்த வெள்ளைச் சங்கு ஒன்று, முனை தேய்த்து, பிள்ளைகளுக்குப் பால் புகட்டுவதற்கென்று தெருவுக்கே பொதுவாக இருந்தது. பிறந்த பிள்ளைக்கு முதல் சீனித்தண்ணீர் அதில்தான். நெஞ்சுச் சளி வந்த பிள்ளைக்கு உரைமருந்தும் அதில்தான். அதில் குடித்த பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று நம்பிக்கை. அப்பாவின் அக்காள், என் அத்தை, அதற்குப் பொறுப்பு. வீட்டுக்கு வீடு அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வேலை எனக்கு. பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது.

தூக்கிக்கொண்டு ஓடினவளுக்குத்தானே தெரியும். இருமுகிற வீட்டிலிருந்து வாங்கி இருமாத வீட்டில் கொடுப்பேன். இரண்டொரு நாளில் அந்த வீட்டிலும் இருமல் கேட்கும். மழைக்காலம் வந்தால் தெருவில் எந்தத் தொட்டிலும் சும்மா இருக்காது. தம்பி பிறப்பதற்கு முந்தின மழைக்கு அத்தையின் மகனே போய்விட்டான். நான் சொன்னால் யார் கேட்டார்கள்? "வாயப் பாரு, மூத்த பாதிரியார் பிரசங்கம் வைக்குதாரு" என்று சிரித்தார்கள்.

தம்பி பிறந்த காலையில் அத்தை வாசலுக்கு வந்து கத்தினாள். "ஏளா, மூலை வீட்டுல சங்கு இருக்கு. ஓடிப்போய் வாங்கிட்டு வா. பிள்ளைக்குத் தொண்டை காயுதுல்லா."

மூலை வீட்டுப் பிள்ளை மூச்சுவிட முடியாமல் கிடந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்கடியில் குழி விழுந்தது. அதன் வாயிலிருந்து எடுத்த சங்கை முந்தானையில் ஒரு துடைப்புத் துடைத்து அதன் தாய் என் கையில் கொடுத்தாள். நான் நேரே வீட்டுக்குப் போகவில்லை. படகு கட்டுகிற கல்திட்டின் நுனிவரைக்கும் போய், கை கொண்ட மட்டும் வீசிக் கடலில் எறிந்தேன். தவறி விழுந்தது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, "கடல்ல போட்டுட்டேன்" என்றேன்.

தெருவே கூடிவிட்டது.

"நாசமாப் போறவளே, தெருப் பிள்ளைகள எல்லாம் வளத்த சங்குளா அது!"

"வளக்கல. இருமல் கொண்டு வருது. எந்தம்பிக்குக் குடுக்க விடமாட்டேன்."

"கட்டிவச்சு உரிக்கணும் இவள."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அத்தையைப் பார்த்து, "உங்க மவனும் அதுலதான குடிச்சான்?" என்று கேட்டுவிட்டேன்.

அத்தை குசினிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா எழுந்து வந்து என் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அதுவரை என்னை அடித்ததில்லை, அதற்கப்புறமும் அடித்ததில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை, தலை நிமிராமலே அப்பாவிடம், "ஏலே, போய்க் குளிச்சு எடுத்துட்டு வா" என்றாள்.

அப்பா கல்திட்டுக்கு நடந்தார். தெருவும் நடந்தது. நெஞ்சளவுத் தண்ணீர், வெயிலில் அடிமணல் தெரிந்தது. முங்கினார். வெகுநேரம் கழித்து எழுந்தார். வெறுங்கை. மறுபடி முங்கும்போது நான் எறிந்த இடத்தைவிட்டு விலகி, ஆழத்தைப் பார்க்கப் போனார்.

"அங்கன இல்லப்பா, இங்கன!" என்று கத்தினேன். எறிந்தவள் நான், அதை மறைப்பானேன்? எடுத்தால் எடுக்கட்டும், திரும்ப எறிவேன் என்றுதான் நின்றேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணெல்லாம் சிவக்கக் கரையேறி, "இல்லக்கா. நீரோட்டம் இழுத்துட்டுப் போயிட்டு" என்றார். அத்தை அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்து அவர் தலையைத் துவட்டிவிட்டாள்.

தம்பிக்கு வெந்நீரில் கழுவின கரண்டியால் புகட்டினார்கள். அந்த மழைக்கு அவனுக்கு இருமல் வரவில்லை. மூச்சுக்காற்றிலும் வந்திருக்கலாமே பாட்டி என்கிறாள் இந்த டாக்டர். வந்திருக்கலாம். நான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கும் வார்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிள்ளைக்கு முத்தம் கொடுக்க வருகிற உறவு, மாதா சுரூபத்தோடு வந்தாலும் சரி, என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நான் சங்கை எறிந்ததற்கு மறுநாள் அப்பா கடலுக்குப் போய் ஒரு வலைப்பை நிறையச் சங்கோடு வந்தார். அத்தை அதில் ஒன்றைக்கூட முனை தேய்க்கச் சொல்லிக் கேட்கவில்லை. நான் கன்னத்தைத் தடவிக்கொண்டு, ஆறு பாகத்தில் தடவியே எடுக்கிற கைக்கு நெஞ்சளவுத் தண்ணீரில் அகப்படாமல் போயிற்றே, இவரைப் போய் ஊரே மெச்சுகிறதே என்று அவரை இளப்பமாகப் பார்த்தேன். தன் அக்காளிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அவர் கைக்கு எட்டின சங்கோடு சேர்த்துத் தண்ணீருக்கடியிலேயே விட்டுவிட்டு வந்தார் என்பது அன்றைக்கு எனக்கு எங்கே தெரியும்?