ஆறு குட்டிகளும் ஒரு பேனரும்

சென்ற சனிக்கிழமை சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பேசினேன். தலைப்பு — ‘இயற்கையைக் கெடுக்காமல் வாழ்வது எப்படி?’ மேடையில் எனக்கு முன்பே என் முகம் போய்ச் சேர்ந்திருந்தது. வாசற்கதவு அளவுக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். அதில் ‘பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்!’ என்று கொட்டை எழுத்து. ஃப்ளெக்ஸும் பிளாஸ்டிக்தானே என்று எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? போட்டோவில் தொப்பை தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

இந்த விஷயத்தில் என் யோக்கியதை என் மனைவிக்குத் தெரியும். வீட்டில் பதினெட்டுத் துணிப்பைகள் இருக்கின்றன. கடைக்குப் போகும்போது ஒன்றுகூடக் கையில் இருக்காது… பத்தொன்பதாவதை வாங்கி வருவேன்.

எனவே பாயின்ட் தேடி, அன்று காலையே கீரப்பாளையம் போனேன். அங்கே மனைவியின் தம்பி சேகருக்கு வயல் இருக்கிறது. அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து மந்தையோடு வருகிறவர்கள் அங்கே கிடை போடுவார்கள். ராத்திரியில் ஆடுகளை வயலிலேயே அடைப்பார்கள். புழுக்கை மண்ணுக்கு உரம்.

“இன்னிக்கி அடைச்ச எடத்துல நாளைக்கி அடைக்க மாட்டாங்க மாமா. நகத்திக்கிட்டே போவாங்க, வயல் முழுக்க உரம் வுழும். நீங்க பேசிக்கிட்டிருங்க, எனக்கு கடலூர் மஞ்சக்குப்பத்துல ஆபீஸ் வேலை ஒண்ணு இருக்கு” என்று சேகர் பைக்கை எடுத்தான்.

இந்த முறை அங்கே கிடை போட்டிருந்தது பாண்டியம்மாளின் குடும்பம். கணவர் ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போயிருந்தார். அந்த அம்மாள் மட்டும் இருந்தார். பக்கத்தில் ரெண்டு சட்டி, ஒரு தகரப் பெட்டி, துணி மூட்டை, குட்டிகளைக் கவிழ்த்து மூடும் பெரிய கூடை.

“மத்த சாமானெல்லாம் எங்கம்மா?”

“இம்புட்டுத்தான் சார். ஊர் ஊரா தூக்கிட்டுப் போகணும்ல? ஒதவாததைச் சொமக்க முடியுமா?”

ஆஹா, என்ன பாயின்ட்! நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதினேன்.

“எழுதுறது இருக்கட்டும் சார், மேகத்தைப் பாத்தீகளா? இந்தக் கூடைக்குள்ள ஆறு குட்டி கெடக்கு. பொறந்து ரெண்டு நாளுதான் ஆச்சு. மேல போடுற தார்ப்பாய் கிழிஞ்சுபோச்சு. நனைஞ்சா தாங்காதுக. ஏதாச்சும் பாத்து விடுங்க.”

“கண்டிப்பா பாக்கறேம்மா” என்றேன். நம் ஊரில் மிக அதிகமாக மறுசுழற்சி செய்யப்படும் வாக்கியம் இதுதான்.

மதியம் மேடையில் வெளுத்து வாங்கினேன். “உதவாத எதையும் அவர்கள் சுமப்பதில்லை!” — செம கைதட்டல். தட்டி முடிப்பதற்குள் வெளியே ஒரு இடி.

கீழே இறங்கியதும் சேகரின் போன்.

“மாமா, பாண்டியம்மா போன் பண்ணாங்க. ஏதோ பாக்கறேன்னு சொன்னீங்களாமே… இன்னும் ஒண்ணும் வரலியாம். மழை வருது மாமா, நான் இன்னும் கடலூர்லதான் மாட்டிக்கிட்டிருக்கேன்.”

வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அந்த ஆறு குட்டிகளைப் பற்றிப் பத்து நிமிஷம் உருக்கமாகப் பேசிவிட்டு, குட்டிகளையே மறந்திருக்கிறேன்!

தார்ப்பாய் தேட நேரமில்லை. திரும்பிப் பார்த்தேன். மேடையில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நாற்காலி போட்டு ஏறி, கயிற்றை அவிழ்த்து, என்னைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். அமைப்பாளர்கள் என்ன நினைத்தார்களோ… பேச்சாளர் பேனரைத் திருடுவதை அவர்கள் இதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள்.

வயலில் இறங்கும்போது தூறல் பலத்துவிட்டது. பாண்டியம்மாள் கூடையின் மேல் தன் சேலை ஒன்றை விரித்து, தானும் குனிந்து மறைத்துக்கொண்டு நின்றார். பேனரைப் பிரித்தோம். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“மொகம் வெளிப்பக்கமா இருக்கட்டும் சார். உள்ள இருந்தா குட்டிக மெரளும்.”

நாலு பக்கமும் கயிற்றை இழுத்துக் கட்டினோம். மழை என் மூக்கின் மேலேயே கொட்டியது. உள்ளே ஆறும் நனையவில்லை.

நேற்று சேகர் பேசினான். கிடை அடுத்த ஊருக்குப் போய்விட்டதாம். வயலில் ஒரு குப்பை இல்லை, புழுக்கை மட்டும்தான்.

“பேனர்?” என்று கேட்டேன்.

“அத மடிச்சி தலைச்சொமையில வச்சி எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க மாமா!”

உதவாததைச் சுமக்காத பாண்டியம்மாள் என்னைச் சுமந்துகொண்டு போகிறார் — இனி எந்த மேடையில் யார் எனக்குப் பொன்னாடை போர்த்தினால் என்ன?